ரயில் வந்த வருசம்

முதல் நாள்

சென்னை சென்ட்ரலில் போடி வண்டி ஏறி, பையைச் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு உட்காரும்போதே சித்தப்பாவின் போன். "ஏத்தா, ஏறிட்டியா? சன்னலோரமா? பையைச் சங்கிலி போட்டுப் பூட்டிக்க. சாப்பிட்டியா?" எனக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. சித்தப்பா அதை இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

வாரத்தில் மூன்று நாள் மட்டும் ஓடும் வண்டி இது. காட்பாடி, சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல் என்று ஊரெல்லாம் சுற்றி மதுரைக்கு வந்து, அங்கிருந்து மேற்கே திரும்புகிறது. தேனிக்கு நேராகப் பஸ் இருக்கும்போது எதற்கு இந்தச் சுற்று என்று வீட்டில் கேட்டார்கள். நான் பதில் சொல்லவில்லை. தாத்தா ஏற ஆசைப்பட்டு, ஏறாமலே போன வண்டி.

அவருடைய மூன்றாம் வருசத் திதிக்குத்தான் போகிறேன். 2021 கார்த்திகையில் இறந்தார். எத்தனை வயதில் என்று கேட்டால்தான் சிக்கல். இறப்புச் சான்றிதழில் 84. தெருமுனையில் கட்டிய பிளெக்ஸ் பேனரில் 101. இந்த இரண்டுக்கும் நடுவே, அவர் வாயாலேயே சொன்ன கணக்கு ஒன்று உண்டு. "நான் ரயில் வந்த வருசம் பொறந்தவன்."

84 வந்த கதை எனக்குத் தெரியும். 1995இல் வாக்காளர் அட்டைக்குப் படம் எடுத்தபோது, எழுதிக்கொண்டிருந்தவர் தாத்தாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு 58 என்று போட்டுக்கொண்டார். தலைமுடி கறுப்பாக இருந்ததுதான் காரணம். தாத்தாவும் அது பாராட்டு என்று நினைத்துச் சிரித்துவிட்டு வந்துவிட்டார். அப்புறம் ரேஷன் கார்டு, ஆதார் எல்லாவற்றுக்கும் அதே கணக்கு. 101 என்பது சித்தப்பா மகன் கைவண்ணம். கல்யாணச் சாவு, கொட்டுமேளம் வைத்து எடுக்கிறோம், அதில் போய் 90 சொச்சம் என்று போட்டால் நன்றாகவா இருக்கும் என்று கேட்டான்.

ரயில் கணக்குதான் கொஞ்சம் நம்புகிற மாதிரி. மதுரையிலிருந்து போடிக்கு மீட்டர் கேஜ் பாதை வந்தது 1928. அப்படியென்றால் இறக்கும்போது 93.

அந்த ரயிலுக்கும் தாத்தாவுக்கும் அப்படியொரு ஒட்டு. இரண்டாம் உலகப் போர் நேரத்தில் இரும்பு வேண்டுமென்று இந்தப் பாதையின் தண்டவாளத்தை உருவிக்கொண்டு போனார்கள். 1950களில் மறுபடியும் கொண்டுவந்து போட்டார்கள். அந்த வருசம்தான் தாத்தாவுக்குக் கல்யாணம். 2010 டிசம்பர் கடைசியில், அகலப்பாதை ஆக்குகிறோம் என்று வண்டியை நிறுத்தியபோது, அந்த வாரம் தேனி வரை ரயிலில் போய்விட்டுப் பஸ்ஸில் திரும்பினார். "ரெண்டு மூணு வருசத்துல திரும்ப வந்துரும்" என்றார். பதினோரு வருசம் காத்திருந்தார். இறந்து ஆறு மாதம் கழித்து, 2022 மே மாதம், தேனிக்கு ரயில் வந்தது. போடிக்கு 2023 ஜூன்.

இலவு காத்த கிளி என்று ஊரில் யாரோ கேலி செய்தபோது தாத்தா சொன்னாராம்: "கிளிக்குத்தானப்பா பஞ்சு ஆகாது. நமக்கு ஆகும்ல." போடிப் பக்கம் இலவ மரம் வைத்திருப்பவர்களிடம் அந்தப் பழமொழி செல்லாது.

மதுரை தாண்டிக் கண் விழித்தேன். உசிலம்பட்டி போனது. ஆண்டிபட்டிக் கணவாயில் வண்டி நுழையும்போது இரண்டு பக்கமும் பாறை. ஆண்டிபட்டியைத் தாண்டும்போதெல்லாம், எம்.ஜி.ஆர். 1984இல் அமெரிக்க ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே ஜெயித்த தொகுதி இது என்று தாத்தா சொல்லத் தவறியதே இல்லை. இப்போது அதைச் சொல்ல அவர் இல்லையே என்று எனக்கு நானே ஒரு தடவை சொல்லிக்கொண்டேன்.

போடியில் தண்டவாளம் அப்படியே முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் மலைதான். சித்தப்பா பைக்கில் வந்து நின்றிருந்தார்.

இரண்டாம் நாள்

ஊர் போடியிலிருந்து தேவாரம் போகிற சாலையில், உள்ளே ஒரு மண்பாதையில் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் முன்பு பதினாறு இலவ மரங்கள். இப்போது ஐந்து. பங்குனி, சித்திரையில் காய் முற்றிப் பழுப்பாகும். தாத்தா நீளமான மூங்கிலில் கொக்கி கட்டி இழுப்பார். நாங்கள் கீழே பொறுக்குவோம். ஓட்டை உடைத்துப் பஞ்சைப் பிரித்து, மிளகு மாதிரி கறுப்பு விதைகளைத் தட்டி எடுக்கிற வேலை மட்டும் பெண்களுக்கு என்று எப்படியோ ஆகிவிட்டது. மூக்கு, கண், தலை எல்லாம் பஞ்சு. ராத்திரி முழுக்க இருமுவோம். வருசத்துக்கு ஒரு தலையணை தாத்தா தன் கையாலேயே அடைத்து எனக்குக் கொடுத்துவிடுவார். கடைசியாகக் கொடுத்தது இப்போது தட்டையாகிப் போனாலும் சென்னையில் அதில்தான் படுக்கிறேன்.

கூடத்துச் சுவரில் அவர் படம். ஒரு எழுபது வயதில் எடுத்தது. வெற்றிலைக் காவி ஏறிய உதடு, காதில் கடுக்கன் போட்டிருந்த ஓட்டை, மூக்கில் இடது பக்கம் சின்னக் குழி. அம்மைத் தழும்பு. அந்தக் குழியைச் சின்ன வயதில் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். தட்டிவிட மாட்டார். தாத்தா கோபப்பட்டே நான் பார்த்ததில்லை, ஒரு விஷயத்தைத் தவிர. எங்கள் வீட்டில் யாரும் எந்தக் குழந்தையையும் பார்த்து, "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்" என்று விளையாட்டுக்குக்கூடச் சொல்லக் கூடாது. பெரிய மாமா ஒரு தடவை என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு, தாத்தா சாப்பாட்டில் பாதியில் எழுந்து போனதை இன்றைக்கும் சொல்வார்.

மத்தியானம் சித்தப்பா பரணிலிருந்து தகரப் பெட்டியை இறக்கினார். உள்ளே இரண்டு கிரயப் பத்திரங்கள், கரையான் தின்ற ஓலைத் துணுக்கு ஒன்று, ஒரு மூக்குப்பொடி டப்பி. டப்பிக்குள் பொடி இல்லை, திருவிதாங்கூர்ச் சக்கரம் ஒன்று. செம்புக் காசு. அதை இங்கே யாரும் காசென்று மதித்திருக்க மாட்டார்கள். ஆனால் மலைக்கு மேலே ஏலக்காடு திருவிதாங்கூர் ராஜாவுடையது. 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். கீழே பிரிட்டிஷ் ரூபாய், மேலே சக்கரம். மெட்டு ஏறினால் வேறு நாடு. தாத்தா இளவட்டத்தில் அரிசி மூட்டையைத் தலையில் வைத்து மலைப்பாதையில் ஏறிப்போய், ஏலத்தோட்டத்தில் மாதக்கணக்கில் தங்கி வேலை பார்த்துவிட்டு இறங்குவார். "அட்டைக்கு ரத்தம் குடுத்தது போக மிச்சம் இருந்த உடம்புதான் இது" என்பார். 1956இல் மொழிவாரியாகப் பிரித்தபோது அந்த மலை கேரளாவுக்குப் போனது. காலையில் ஜீப் ஏறிப் போய்ச் சாயங்காலம் திரும்புகிற பெண்கள் எங்கள் ஊரில் இப்போதும் உண்டு. ஏலக்காய் மேலே விளைகிறது, ஏலம் போவது போடியில். அப்படிப் பிழைக்கிற ஊர்.

பத்திரங்களுக்கு வருகிறேன். நான் சென்னையிலிருந்து கிளம்பும்போதே மனதில் வைத்திருந்தது இதுதான். பழைய கிரயப் பத்திரத்தில் வாங்குகிறவர், விற்கிறவர், தகப்பனார் பெயர், வயது எல்லாம் எழுதுவார்கள். வயதைப் பார்த்தால் கணக்கு தீர்ந்துவிடும் என்று நினைத்தேன்.

1956 பத்திரம்: "சுமார் 30 வயது." அப்படியானால் 1926.

1964 பத்திரம்: "சுமார் 45 வயது." அப்படியானால் 1919.

எட்டு வருசத்தில் தாத்தாவுக்குப் பதினைந்து வயது ஏறியிருக்கிறது. சித்தப்பா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். "சுமார்னு போட்டா அம்புட்டுத்தான். எழுதுறவன் மூஞ்சியப் பாத்து எழுதுவான். அந்த வருசம் வெள்ளாமை இல்ல, ஆளு வாடிப் போயிருப்பாரு."

சாயங்காலம் பெரிய அத்தை வந்தார். எழுபது நெருங்குகிறது, ஆனால் ஞாபகம் கத்தி. அவரிடம் நான்காவது கணக்கு ஒன்று இருந்தது.

"அப்பாவுக்கு ரயில் வந்த வருசமெல்லாம் இல்ல. எங்க அப்பத்தா சொல்லும், தொண்ணூத்தொம்பது வெள்ளத்துல எம் மகன் தவந்துக்கிட்டு இருந்தான்னு."

சின்ன வயதில் இந்தத் தொண்ணூற்றொன்பதைக் கேட்டு நான் 1899 என்று நினைத்திருக்கிறேன். அது கொல்லம் ஆண்டு 1099. நம் கணக்கில் 1924 ஜூலை. கேரளத்தில் இன்றைக்கும் பெரிய மழை என்றால் அந்த வெள்ளத்தோடுதான் ஒப்பிடுவார்கள். மூணாறு நகரமே போனது. அப்போது மூணாறிலிருந்து தேயிலைப் பெட்டிகள் குண்டளைப் பள்ளத்தாக்கு வழியே ஒரு குட்டி ரயிலில் டாப் ஸ்டேஷனுக்கு வரும். அங்கிருந்து கம்பிவடத்தில் கட்டிக் கீழே கொட்டகுடிக்கு இறக்குவார்கள். கீழே வாங்கி மாட்டு வண்டியில் ஏற்றிப் போடிக்குக் கொண்டுவருகிற வண்டிக்காரர்களில் ஒருவர் என் பூட்டன், தாத்தாவின் அப்பா. வெள்ளத்தில் அந்தக் குட்டி ரயில் துடைத்துக்கொண்டு போனது, திரும்பக் கட்டவே இல்லை. பூட்டன் வண்டியும் மாடுமாகக் குரங்கணிப் பக்கம் மாட்டிக்கொண்டு எத்தனையோ நாள் கழித்து வந்தாராம். வீட்டில் பூட்டி தனியாக, தவழ்கிற பிள்ளையோடு.

தவழ்கிற பிள்ளை என்றால் 1923 கடைசியில் பிறந்திருக்க வேண்டும். அப்படியென்றால் 98. ரயில் வருவதற்கு ஐந்து வருசம் முன்பே.

"அப்புறம் ஏன் தாத்தா ரயில் வந்த வருசம்னு சொன்னாரு?"

"ரயில்னா அவருக்குப் பெருமை. சேத்துக்கிட்டாரு" என்றார் அத்தை. சித்தப்பா ஒத்துக்கொள்ளவில்லை. தண்டவாளம் கழற்றுகிற வேலைக்குத் தாத்தா கூலிக்குப் போயிருக்கிறார். சின்னப் பையன் என்று அரைக்கூலிதான் கொடுத்தார்கள், அந்தக் கோபம் சாகிற வரைக்கும் தீரவில்லை. பதினெட்டு வயது ஆளுக்கு யாராவது அரைக்கூலி கொடுப்பார்களா என்று கேட்டார். தாத்தா குள்ளம்தானே என்றார் அத்தை. பேச்சு முற்றி, ரசம் ஆறிப்போய், யார் தோட்டத்து வேலி எங்கே என்பது வரைக்கும் போய்விட்டது. நான் எழுந்து போய்ப் படுத்தேன்.

மூன்றாம் நாள்

விடிய விடிய மழை. வெறித்ததும் சித்தப்பா மகன் ஜீப்பில் குரங்கணிக்குக் கிளம்பினோம். வழியெல்லாம் மாந்தோப்பு. கொட்டகுடி ஆறு செம்மண் நிறத்தில் நிறைய ஓடியது.

குரங்கணியில் டீக்கடை, நனைந்து நிற்கிற கோவேறு கழுதைகள், வனத்துறைத் தடுப்பு. 2018 மார்ச்சில் காட்டுத் தீயில் மலையேறப் போனவர்கள் இருபது பேருக்கு மேல் இறந்த மலை இதுதான். அதற்கப்புறம் நினைத்தபடி மேலே நடந்துவிட முடியாது. எனக்கும் அந்த எண்ணம் இல்லை. பூட்டன் வண்டி நின்ற இடத்தைப் பார்த்தால் போதும். எந்த இடம் என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

மேலே போகிற பாதையில் ஒரு சின்ன ஊர். பெயர் சென்ட்ரல் ஸ்டேஷன். அதற்கும் மேலே டாப் ஸ்டேஷன். கம்பிவடத்துக்கு நடுவில் ஒரு நிலையம், உச்சியில் ஒரு நிலையம் இருந்ததால் வந்த பெயர்கள். வடம் போய்விட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. சின்னப் பிள்ளையில் தாத்தா, "சென்ட்ரலுக்குப் போயிட்டு வந்தேன்" என்பார். நான் மெட்ராஸ் என்று நினைத்து, எனக்கு என்ன வாங்கி வந்தாய் என்று கேட்பேன். மடியிலிருந்து இரண்டு நெல்லிக்காய் எடுத்துக் கொடுப்பார். மெட்ராஸில் நெல்லிக்காய் நிறையக் காய்க்கும்போல என்று ரொம்ப நாள் நம்பியிருந்தேன்.

திரும்பும்போது தம்பி, "முந்தல்ல சின்ன அப்பத்தாவப் பாத்துட்டுப் போயிருவோம்கா" என்றான். தாத்தாவின் அத்தை மகள். முறைப்பெண். தாத்தா இவரைக் கட்டியிருக்க வேண்டியது, ஏதோ நகைத் தகராறில் மாறிப்போனது. இரண்டு பேரும் கடைசி வரைக்கும் ஒருவரை ஒருவர் கேலி செய்துகொள்வார்கள், எங்கள் அப்பத்தாவும் சேர்ந்து சிரிக்கும். இவருக்குத் தொண்ணூறு இருக்கும், சுமார்தான். கட்டிலில் உட்கார்ந்து இடிப்பானில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். கண் மங்கல். என் கையைப் பிடித்துத் தடவிப் பார்த்து, "மூத்தவன் மகளா" என்றார்.

பேச்சுவாக்கில் வெள்ளக் கதையைச் சொன்னேன். தாத்தா அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாராமே, உங்கள் அம்மா ஏதாவது சொல்லியிருக்கிறார்களா என்று கேட்டேன்.

இடிப்பதை நிறுத்தினார்.

"அது எங்க மச்சான் இல்லத்தா. அது மூத்தது."

எனக்குப் புரியவில்லை.

"வெள்ளத்துல தவந்த பிள்ளை மூத்தது. அந்த மழை ஓஞ்சு குளிர்காய்ச்சல் வந்துச்சுல்ல, அதுல போயிருச்சு. அதுக்கப்புறம் ஒண்ணு, பொறந்து மூணு நாள்ல. எங்க அம்மாதான் போயிக் கூட இருந்துச்சாம். மூணாவது உங்க தாத்தா. இதுவாச்சும் தங்கணும்னு மூக்கக் குத்தி, முறத்துல போட்டு வாசல்ல வச்சாங்க. பக்கத்து வீட்டுக்காரி ஒரு படி தவிட்டக் குடுத்து எடுத்துக்கிட்டா. எமன் வந்து பாத்தா, இது குத்துன பிள்ளை, அதுவும் தவிட்டுக்கு வித்த பிள்ளை, நமக்கு எதுக்குன்னு போயிருவான்."

மூக்கு குத்திய பிள்ளைகளுக்கு எங்கள் பக்கம் என்ன பெயர் வைப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். மூக்கன், மூக்கையா, மூக்கம்மா. குப்பை, பிச்சை என்றும் வைப்பார்கள். தாத்தா பெயரும் அந்த வரிசையில் ஒன்றுதான். ரேஷன் கார்டில், பத்திரத்தில், பேனரில் என்று எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். ஏன் அந்தப் பெயர் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. மூக்கில் விரலை வைத்துத் தொட்டுப் பார்த்தும் கேட்டதில்லை.

"அப்போ எங்க பூட்டி ஏன் எம் மகன்னு மட்டும் சொல்லுச்சு?"

"செத்த பிள்ளை பேரச் சொன்னா இருக்குற பிள்ளைக்கு ஆகாதும்பாங்க. எம் மகன்னுதான் சொல்லும். கேக்குறவுக இந்த மகன்னு நெனச்சுக்கிருவாக. மச்சானுக்குத் தெரியும். அதான் கேட்டவுககிட்டயெல்லாம் ரயில் வந்த வருசம், ரயில் வந்த வருசம்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு."

வெற்றிலையை மறுபடி இடிக்க ஆரம்பித்தார். பால் கலக்காத காபி வந்தது, குடித்தோம். ஜீப்பில் வரும்போது தம்பி ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்ப 101 தப்புதான்கா" என்றான்.

ராத்திரி அத்தையிடம் சொன்னேன். நம்ப மாட்டார், சண்டை வரும் என்றுதான் நினைத்தேன். கேட்டுவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தார். தவிட்டு விளையாட்டுக்குத் தாத்தா ஏன் அப்படி எழுந்து போனார் என்று அவரே மெதுவாகச் சொன்னார். சித்தப்பா அரைக்கூலிப் பேச்சை எடுக்கவில்லை. ஜெயித்தது அவர்தான், ஆனாலும் எடுக்கவில்லை.

நான்காம் நாள்

இன்றைக்குத் திதி. காலையில் வீடு கழுவி, படத்துக்கு மாலை போட்டு, கருப்புக்கரை வேட்டியும் துண்டும் எடுத்து வைத்தார்கள். தாத்தாவுக்குப் பிடித்த சோளச்சோறு, அதற்கு மொச்சைக் குழம்பு. வடை, பாயசம் வழக்கம் போல. சோளச்சோற்றை இப்போது பதமாகக் கிண்டத் தெரிந்தவர் எங்கள் வீட்டில் அத்தை மட்டும்தான். மற்றவர்கள் செய்தால் கஞ்சியாகிவிடுகிறது.

சாயங்காலம் எனக்கு வண்டி இல்லை, சென்னை ரயில் ஓடாத நாள். தேனி போய் பஸ் பிடிக்க வேண்டும். தாத்தா கேட்டால் சிரிப்பார்.

படையலுக்கு எப்போதும் இரண்டு இலை. ஒன்று தாத்தாவுக்கு, ஒன்று அப்பத்தாவுக்கு. சித்தப்பா காக்காய்க்குச் சோறு வைக்க மாடிக்குப் போயிருந்தார். அத்தை இரண்டு இலையும் போட்டு முடித்துவிட்டு, வாழை இலையின் நுனியைக் கொஞ்சமாகக் கிள்ளியெடுத்து வந்து, தாத்தா இலைக்குப் பக்கத்தில் விரித்தார். அடுப்படிக்குப் போய் ஒரு சங்கில் பால் எடுத்து வந்து அதில் வைத்தார். எங்களையெல்லாம் வளர்த்த அதே பால் சங்கு.

சித்தப்பா இறங்கி வந்தார். இலைகளைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். தாத்தா இலையில் இரண்டு வாழைப்பழம் இருந்தது. குனிந்து ஒன்றை எடுத்துச் சின்ன இலையில் வைத்துவிட்டு, சூடத்தைப் பற்ற வைத்தார்.